வட்டவிதானைக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வேளாண்மை செய்கிற ஒருவரிடம் "நல்ல தலைவர் யார்?" என்று பொதுவாகக் கேட்டால் அரசியல்வாதிகளின் பெயர் இரண்டு மூன்று வரும். அதோடு பேச்சு நின்றுவிடும். அவருடைய வயல்வெளிக்குத் தண்ணீர் முறை பார்க்கிற ஆளைப் பற்றி, "உங்கட வட்டவிதானை எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த வருஷம் யாருடைய வயல் காய்ந்தது, யாருடைய மாடு யாருடைய வேளாண்மைக்குள் இறங்கியது, அந்த வழக்கை விதானையார் எப்படித் தீர்த்துவைத்தார் அல்லது எப்படிக் குழப்பியடித்தார் என்று ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள்.

தலைமைத்துவம் என்றால் இப்போது ஹோட்டல் மண்டபத்தில் நடக்கும் இரண்டு நாள் பயிற்சிப்பட்டறை என்றாகிவிட்டது. பெரிய தாளில் "நேர்மை", "தொடர்பாடல்", "குழுவேலை" என்று எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். பிழையில்லை. ஆனால் அந்தத் தாளில் ஒரு கேள்வி பெரும்பாலும் இருக்காது: இவர் நேர்மையானவர் என்று சொல்லத் தகுதியுள்ளவர் யார்? மேலதிகாரியா, கீழே வேலை செய்கிறவரா, இல்லை அவரோடு ஒரே வரம்பில் நிற்கிற, அவரைப் போன்ற இன்னொருவரா? என் கணிப்பில், ஒருவருடைய அறத் தீர்ப்பைச் சரியாக எடைபோடக்கூடியவர்கள் அவருக்குச் சமமாக நிற்பவர்கள்தான். அவர்கள் மதிக்காத தலைவர் உத்தரவு போடலாம், வேலையை நடத்த முடியாது. இதை விளக்க வட்டவிதானையை விடப் பொருத்தமான ஆள் எனக்குக் கிடைக்கவில்லை.

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். வட்டை என்பது ஒரே குளத்தை, ஒரே வாய்க்காலை நம்பியிருக்கும் வயல்வெளி. அதற்குப் பொறுப்பாகக் கமக்காரர், அதாவது விவசாயிகள், தங்களுக்குள் ஒருவரைத் தெரிவு செய்வார்கள். அவர்தான் வட்டவிதானை. சிங்களப் பகுதிகளில் வெல் விதானை என்பார்கள். போகம் தொடங்குமுன் மாவட்டச் செயலாளர் அல்லது பிரதேச செயலாளர் தலைமையில் ஆரம்பக் கூட்டம் நடக்கும். விதைப்பை எப்போது தொடங்குவது, கடைசி விதைப்பு நாள் எது, எத்தனை மாத நெல், குளத்துத் துருசு, அதாவது மதகு, என்றைக்குத் திறக்கும், மாடுகளை எந்தத் திகதிக்குள் வட்டையை விட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்பதெல்லாம் அங்கே முடிவாகும். முடிவானதை வயலில் நடத்திக்காட்ட வேண்டியவர் வட்டவிதானை. சம்பளம்? அறுவடை முடிந்ததும் ஏக்கருக்கு இவ்வளவு என்று கமக்காரரே கொடுப்பார்கள். கொடுக்காமல் இழுத்தடிப்பவர்களும் உண்டு.

இந்தப் பதவியின் விசேஷம் என்னவென்றால், அவருக்கும் அதே வாய்க்காலில் வயல் இருக்கும். நடுவராகவும் ஆட்டக்காரராகவும் ஒரே ஆள். பெரிய நிறுவனங்களில் இப்படி ஒருவர் இருந்தால் கணக்காய்வாளர் முதல் நாளே எழுதிவைத்துவிட்டுப் போவார்.

பதவி பழையது. பிரித்தானியர் காலத்தில், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், வயல் வேலையில் வழிவழியாக இருந்த வழக்கங்களை எடுத்து அவற்றுக்குச் சட்டபலம் கொடுத்தது. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்து வேலை அது. இறக்காமம், அம்பாறைக் குளங்களின் திருத்தத்தோடும் அவர் பெயர் சேர்ந்தே வரும். 1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் விதானை முறையை எடுத்துவிட்டுப் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது. விதானைமார் காணிச் சொந்தக்காரர் பக்கம் சாய்கிறவர்கள் என்ற குறை அப்போது பலமாக இருந்தது, அதில் உண்மையும் இருந்தது. இங்கே போடியார் என்ற பெரிய காணிக்காரரின் சொல்லைத் தாண்டி எந்த விதானை நடந்தார்? அப்புறம் சட்டங்கள் மாறி மாறி வந்தன. இன்று கமக்காரர் அமைப்புகள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. சட்டம் எதுவானாலும் வயல்வெளியில் விதானையார் என்ற ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தார். இரவு பன்னிரண்டு மணிக்கு யாரோ வாய்க்கால் கட்டை வெட்டிவிட்டால் குழுவைக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது.

சரி, அந்த ஆள் எதை வைத்து மதிக்கப்படுகிறார்?

கோடைகாலச் சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் இறங்கிய ஒரு வருஷத்தை எடுத்துக்கொள்வோம். தண்ணீரை முறை வைத்தாயிற்று. வாய்க்கால் தொடக்கத்தில் உள்ள தலைக்கண்டத்துக்கு மூன்று நாள், நடுக்கண்டத்துக்கு மூன்று நாள், வாய்க்கால் முடிவில் உள்ள கடைக்கண்டத்துக்கு மூன்று நாள். இன்று நடுக்கண்டத்தின் முறை தொடங்குகிறது. ஆனால் கடைக்கண்டத்தில் நாலைந்து பேருடைய வேளாண்மை குடலைப் பருவத்தில், கதிர் தண்டுக்குள் இருக்கிற நிலையில், நிற்கிறது. நெல் குடலை தள்ளிப் பூத்து முடியும்வரை உள்ள நாட்களில் தண்ணீர் இல்லாமற்போனால் மணி பிடிக்காது, பதராகிவிடும். பிறகு குளத்தையே திறந்துவிட்டாலும் பிரயோசனமில்லை. நடுக்கண்டத்தில் பிந்தி விதைத்தவர்களின் பயிர் இன்னும் இளசு. இரண்டு நாள் பொறுத்தால் வாடும், சாகாது. முறை எழுதிய கொப்பியைப் பார்த்தால் தண்ணீர் நடுக்கண்டத்துக்கு. வயலைப் பார்த்தால் கடைக்கண்டத்துக்கு.

விதானையார் முறையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கலாம். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது, ஐந்து குடும்பத்தின் போகம் மட்டும் போய்விடும். இல்லை, இரவோடு இரவாகக் கடைக்கண்டத்துக்குத் திறந்துவிடலாம். வேளாண்மை தப்பும், ஆனால் அடுத்த முறையிலிருந்து எல்லோரும் இரவில் மண்வெட்டியோடு வருவார்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. நடுக்கண்டத்துக்காரரை வயல் குடிசையான வாடியடிக்குக் கூப்பிட்டு, கடைக்கண்டத்தில் ஒரு பயிரைப் பிடுங்கிக் கொண்டுவந்து தண்டை உரித்துக் காட்டி, இரண்டு நாளைக் கைமாற்றாகக் கேட்கலாம். தன் வயலும் நடுக்கண்டத்தில் இருந்தால், தன் வயலுக்குத் தண்ணீர் இறங்கும் வக்கடையை முதலில் கட்டிவிட்டு வந்து கேட்கலாம்.

அறத் தீர்ப்பு என்று பெரிய வார்த்தையில் சொல்வது இந்தக் கடைசி வழியைக் கண்டுபிடிக்கிற புத்தியைத்தான். பொய் சொல்லாதே, களவெடுக்காதே என்பதெல்லாம் பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போதுதான் தலைவர் தேவைப்படுகிறார். விதி எந்த இடத்தில் உதவாமற்போகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதை வளைப்பதென்றால் யாருக்காக வளைக்கிறோம், எவ்வளவுக்கு, எப்போது திருப்பிக் கொடுப்போம் என்று நட்டப்படுகிறவனின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மச்சானுக்காக முறையை வளைக்கிறவரும் குடலை நெல்லுக்காக வளைக்கிறவரும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். மாவட்டச் செயலகமான கச்சேரியில் இருக்கும் அதிகாரிக்கு இரண்டும் முறை மீறல், ஒரே படிவத்தில் ஒரே கட்டத்துக்குள் எழுதலாம். வித்தியாசம் பக்கத்து வயல்காரனுக்குத் தெரியும். அந்த மச்சான் யார் என்றும் அவனுக்குத் தெரியும், குடலை எப்படி இருக்கும் என்றும் தெரியும். சமமானவர்களின் மதிப்புக்கு இவ்வளவு பெறுமதி வருவது இந்த இரட்டை அறிவால்தான்.

ஆராய்ச்சிகளும் கிட்டத்தட்ட இதே பக்கம்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க மரைன் படையில் அதிகாரிப் பயிற்சிக்கு வந்தவர்களைப் பற்றி ஸ்டான்லி வில்லியம்ஸ், ஹரோல்ட் லெவிட் என்ற இருவர் 1947இல் ஓர் ஆய்வு எழுதினார்கள். பின்னாளில் போர்க்களத்தில் யார் நன்றாக நடத்துவார்கள் என்பதை, சோதனைப் புள்ளிகளை விட, கூடப் பயின்றவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் சொன்ன கணிப்பே நெருக்கமாகச் சொன்னது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பயிற்சியாளர் வரும்போது எல்லோரும் விறைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர் போன பிறகு, களைத்து விழுந்தவனுடைய பையைத் தூக்கியது யார், தூங்குவதுபோல நடித்தது யார் என்று பக்கத்துக் கட்டிலில் படுத்தவனுக்குத்தான் தெரியும்.

1958இல் எட்வின் ஹொலண்டர் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு கணக்கே போட்டார். ஒருவர் குழுவின் வழக்கங்களுக்கு இசைந்து நடந்து, வேலையிலும் கைதேர்ந்தவர் என்று காட்டக் காட்ட, மற்றவர்கள் மனதில் அவர் பேரில் வரவு சேர்கிறது. வழக்கத்துக்கு மாறாக ஏதாவது செய்ய நேரும்போது அந்த வரவிலிருந்து கழிகிறது. மாதம் முடிந்ததும் கொப்பிக் கணக்கை ஒழுங்காகத் தீர்க்கிறவருக்கு, கையில் காசில்லாத நாளிலும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் சாமான் கட்டிக்கொடுப்பது மாதிரி. விதானையார் வாடியடியில் கேட்கும் இரண்டு நாள் கைமாற்று எடுபடுமா என்பது அன்றைக்கு அவர் பேசுகிற பேச்சில் இல்லை. போன போகங்களில் தண்ணீர் தட்டுப்பட்டபோது அவருடைய வக்கடை எப்படி இருந்தது என்பதில் இருக்கிறது.

நியூ ஜெர்சி பெல் தொலைபேசிக் கம்பனியின் தலைவராக இருந்த செஸ்டர் பர்னார்ட் 1938இலேயே இன்னொரு விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஓர் உத்தரவுக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது உத்தரவு போடுகிறவர் அல்ல, அதைப் பெறுகிறவர் என்றார். கம்பனித் தலைவர் ஒருவர் இப்படிச் சொன்னது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். நம்முடைய வாய்க்கால்காரர்களுக்கு இது புதிதல்ல. மதிப்பில்லாத விதானை பகலில் கட்டிய கட்டு விடியும்போது இருக்காது, அவ்வளவுதான். 1990இல் வெளிவந்த டொம் டைலரின் ஆய்வு சிக்காகோ நகரவாசிகளிடம் நடத்தியது. சட்டத்துக்கு மக்கள் கீழ்ப்படிவதில் தண்டனைப் பயத்தை விட, தங்களை நியாயமாக நடத்தினார்கள் என்ற உணர்வுக்கே கூடிய பங்கு என்று அது காட்டியது. தோற்றவனும் ஏற்றுக்கொள்வதற்குக் காரணம், தன் பேச்சைக் கேட்டார்கள், ஆள் பார்க்காமல் தீர்த்தார்கள் என்ற எண்ணம்.

இதையெல்லாம் அமெரிக்காவில் தேட வேண்டியதில்லை என்று சொல்ல வைக்கிற ஒரு சம்பவம் அம்பாறை மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது, சேனநாயக்க சமுத்திரம் அதன் தலைக்குளம். எழுபதுகளின் கடைசியில் அதன் இடதுகரைப் பகுதி சீர்கெட்டுக் கிடந்தது. கதவுகள் உடைந்து, வாய்க்கால்கள் தூர்ந்து, மேலே இருப்பவர்கள் தேவைக்கு மேல் எடுக்க, கடைசி வயல்களுக்குத் தண்ணீர் வருவதே சந்தேகம். மேலே பெரும்பாலும் சிங்களக் குடியேற்றக்காரர், கீழே தமிழ் பேசும் கமக்காரர். அதிகாரிகளே கைவிட்ட இடம் என்று சொன்னால் மிகையில்லை.

1981இல் கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு வேலையை ஆரம்பித்தன. கோர்னெல் பக்கம் நோர்மன் அப்ஹொஃப் முக்கியமானவர். பயிற்சி பெற்ற இளைஞர் யுவதிகளைக் கமக்காரர்களுக்கு நடுவில் தங்கவிட்டார்கள். அவர்கள் போனதும் சங்கம் அமைத்துத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று எழுதிக்கொண்டு திரும்பவில்லை. ஒவ்வொரு வயல்வாய்க்காலையும் நம்பியிருக்கும் சிறு கூட்டத்தினரோடு முதலில் பேசினார்கள், வாய்க்காலைத் துப்புரவு செய்கிற வேலை நடந்தது, அதன் பிறகுதான் பிரதிநிதி என்ற பேச்சு. பிரதிநிதியையும் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யவில்லை. எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒருவர் வரும்வரை பேசினார்கள். அதற்கும் முன்னால், பெயர் எதுவும் எடுக்காமல், இந்த வேலைக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று பேசினார்கள். சம்பளம் கிடையாது.

இந்த ஒழுங்கில் நல்ல சூட்சுமம் இருக்கிறது. பெயரை முதலில் எடுத்தால் குடும்பம், கட்சி, சாதி எல்லாம் கூடவே எழும்பிவிடும். குணத்தை முதலில் பேசினால், வாய்க்காலைக் களவாக வெட்டுகிறவனும் "ஓம், களவாக வெட்டாத ஆள்தான் வேண்டும்" என்று சபையில் சொல்ல வேண்டிவரும். சொன்ன பிறகு தன் பெயரைத் தானே முன்மொழிய முடியாது. வாக்கெடுப்பென்றால் நூற்றுக்கு ஐம்பத்தொன்றில் வென்றவர் மீதி நாற்பத்தொன்பதை விரோதமாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவார். ஒரு வயல்வாய்க்காலில் பத்துப் பதினைந்து பேர்தான். அதில் பாதிப்பேர் முகம் திருப்பிக்கொண்டால் வாய்க்கால் அங்கேயே நின்றுவிடும்.

அந்த முதல் பருவத்திலேயே, குளத்தில் தண்ணீர் குறைவாக இருந்தும், மேல்வாய்க்கால்காரர் மிச்சம் பிடித்துக் கீழே அனுப்பத் தொடங்கினார்கள். அதில் சிங்களக் கமக்காரர் விட்ட தண்ணீர் தமிழ்க் கமக்காரரின் வயலுக்குப் போனதும் அடக்கம். நாடு எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்த காலம் என்று நினைத்துப் பாருங்கள். பதினாறு வருஷம் கழித்து, 1997 சிறுபோகத்தில், இருக்கிற தண்ணீர் நிலத்தில் ஒரு சிறு பங்குக்குத்தான் காணும் என்று நீர்ப்பாசனத் திணைக்களம் கையை விரித்தது. விட்டுத்தாருங்கள், நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம் என்று கமக்காரர் அமைப்புகள் கேட்டுப் பெற்றன. ஏறக்குறைய முழு நிலமும் விதைத்து, வழமையை விட நல்ல விளைச்சல் எடுத்தார்கள். பொறியியல் கணக்கில் இல்லாத தண்ணீர் எங்கிருந்து வந்தது? மற்றவன் களவெடுக்க மாட்டான் என்று தெரிந்தால் யாரும் தேவைக்கு மேல் தேக்கிவைப்பதில்லை. அந்த மிச்சம்தான்.

வயலை விட்டுக் கூத்தாடும் களரிப் பக்கம் போனாலும் இதே கதை இருக்கிறது. மட்டக்களப்புக் கூத்தில் அண்ணாவியார் என்கிறவர் பழக்குகிறவர், பாட்டு, தாளம், ஆட்டம் மூன்றுக்கும் பொறுப்பானவர். கூத்துப் போடுவதென்று ஊர் தீர்மானித்ததும் சட்டம் கொடுப்பது என்று ஒன்று நடக்கும். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவுசெய்து பாட்டுக் கொப்பியைக் கையில் கொடுப்பது. கஷ்டமான கட்டம் அதுதான். கூத்துக்குக் கூடுதலாகக் காசு போட்ட வீட்டுப் பையனுக்கு ராசா வேஷம் வேண்டும். குரல் இருக்கிறவனோ கூலிக்காரன் மகன். தலைமுறையாக இந்த வேஷம் எங்கள் குடிக்குத்தான் என்று இன்னொருவர் வருவார். அண்ணாவியார் எப்படிக் கொடுத்தாலும் ஒருவருக்கு மனம் நோகும்.

பேர்பெற்ற அண்ணாவிமார் இதைச் செய்கிற விதம் கவனிக்க வேண்டியது. எல்லோரையும் வைத்து ஒரே கூத்துப் பாட்டை, ஒரே தருவைப் படிக்கவிடுவார்கள். மத்தளக்காரர் இருப்பார், பிற்பாட்டுக்காரர் இருப்பார், முன்பு ஆடிய கிழவர்கள் சுற்றிவர இருப்பார்கள். காசுக்கார வீட்டுப் பையன் தாளத்தை விட்டுவிட்டு ஓடும்போது அண்ணாவியார் வாய் திறக்கத் தேவையில்லை, மத்தளமே சொல்லிவிடும். பிறகு அந்தப் பையனுக்கு ஏற்ற ஒரு வேஷத்தை, மதிப்புக் குறையாமல், அவரே எடுத்துக் கொடுப்பார். தீர்ப்பும் சரி, தீர்ப்புச் சொன்ன விதமும் சரி, அங்கே இருந்தவர்களால் சோதிக்கக்கூடியது. அரங்கேற்றத்து இரவில் ஊர்ச்சனம் வேஷத்தையும் வெளிச்சத்தையும் பார்க்கும். களரியோரம் வந்து இருக்கிற பக்கத்து ஊர் அண்ணாவிமார் வேறொன்றைப் பார்ப்பார்கள். அவர்கள் விடியற்காலையில் தேநீர் குடிக்கும்போது சொல்கிற ஒரு சொல்லில்தான் இவருடைய பெயர் நிற்கும்.

ஜோசப் ஹென்ரிக், பிரான்சிஸ்கோ கில்-வைட் என்ற மானிடவியலாளர் இருவர் 2001இல், மனிதக் கூட்டத்தில் மேலே வர இரண்டு வழி இருக்கிறது என்று பிரித்துக் காட்டினார்கள். ஒன்று பயமுறுத்தி மேலே வருவது. விலங்குகளிடமும் இது உண்டு. மற்றது, திறமையையும் நடத்தையையும் பார்த்து மற்றவர்கள் தாங்களாகவே இடம் விடுவது. முதல் வகைக்காரர் பக்கம் வரும்போது ஆட்கள் விலகுவார்கள், இரண்டாம் வகைக்காரரைத் தேடி நெருங்குவார்கள். கிழக்கில் போர்க்காலம் முழுக்க முதல் வகைத் தலைமையைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் நாங்கள். அதைப் பற்றி எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் இரண்டாம் வகைக்காரர்கள் கொடுத்த விலையும் தெரியும். மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 ஜூன் 6ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். ஊருக்காகப் பேசப் போனவர்கள் இப்படிப் போனபோது, பேசாமல் இருப்பதே கெட்டித்தனம் என்று ஒரு தலைமுறை பழகிக்கொண்டது. இன்று கூட்டங்களில் யாரும் முன்னுக்கு வருகிறார்களில்லை என்று குறைப்படும் அதிகாரிகள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

2004 சுனாமிக்குப் பிறகு வேறொரு கோணல் வந்தது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். உதவி நிறுவனங்கள் வந்திறங்கின, ஒவ்வொன்றும் பேசுவதற்கு ஒரு சங்கத்தைக் கேட்டது. அரை மணித்தியாலத்தில் தலைவர் தெரிவானார். படிவம் நிரப்பத் தெரிந்தவர், வெளியாட்களோடு தயங்காமல் பேசுகிறவர். அதுவும் தேவையான திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் கூரைத்தகடு பத்துக் குறைவாக வந்தபோது யாருக்கு இல்லை என்று தீர்மானிக்க அந்தத் திறமை காணவில்லை. இழவு வீட்டில் முதல் ஆளாக நிற்கிறவர், மரண உதவிச் சங்கத்துக் கணக்கைச் சத்தமில்லாமல் நடத்துகிறவர் என்று ஊருக்கு ஏற்கெனவே தெரிந்த ஆட்கள் அந்தப் பட்டியலில் பல இடங்களில் இல்லை.

சமமானவர்களின் மதிப்பு என்பதை அப்படியே தலையில் தூக்கிவைக்கவும் கூடாது. அதில் இரண்டு பெரிய பொத்தல் இருக்கிறது.

ஒன்று, சமமானவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பிழையைச் செய்துகொண்டிருந்தால், அதைக் கண்டுகொள்ளாதவரைத்தான் அவர்கள் மதிப்பார்கள். வாய்க்கால் ஒதுக்கு நிலத்தை நாலு பேர் பிடித்து விதைத்திருக்கும் இடத்தில், "விதானையார் நல்ல மனுஷன், ஒரு கரைச்சலும் இல்லை" என்று அந்த நாலு பேரும் சொன்னால் யோசிக்க வேண்டியிருக்கிறது. அரச அலுவலகங்களிலும் இதே கதைதான். எல்லோரும் விரும்புகிற அதிகாரி சில வேளை யாருடைய கோப்பையும் திறந்து பார்க்காத அதிகாரியாக இருப்பார். விருப்பத்தையும் மதிப்பையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. அவரோடு முகம்கொடுத்துப் பேசாதவன், போன தெரிவில் அவருக்கு எதிராகக் கை உயர்த்தியவன், தன் வரம்புத் தகராறை யாரிடம் கொண்டுபோகிறான் என்று பாருங்கள். அவரிடமே கொண்டுவந்தால் அது மதிப்பு. பொலிசுக்கு நேரே போனால், கூட்டத்தில் விழுந்த மாலைகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மற்றப் பொத்தல் இன்னும் பெரிது. சமமானவர் யார் என்று யார் தீர்மானிக்கிறார்கள்? எங்கள் பக்கம் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், வயலும் அப்படிப் போவதுண்டு. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இந்த வழக்கம் இருக்கிறது. அதனால் வட்டையில் பல காணிகளின் உறுதி பெண்களின் பெயரில் கிடக்கும். போருக்குப் பிறகு தாங்களே நின்று வேளாண்மை செய்விக்கிற பெண்கள் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எத்தனையோ பேர். ஆரம்பக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள், கதிரைகளில் கணவன், தம்பி, மருமகன். விதானையார் நியாயமானவரா என்று சாட்சி சொல்ல ஆகத் தகுதியானவள், கடைக்கண்டத்தில் ஒன்றரை ஏக்கரை வைத்துக்கொண்டு இரவில் தண்ணீர் காவலுக்குப் போக முடியாமல் இருக்கிற விதவைதான். அவளுக்கு முறை தவறாமல் தண்ணீர் வந்ததா என்பதை விட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவளுடைய கை எண்ணப்படுவதில்லை. கோயிலை நடத்தும் வண்ணக்கர், பள்ளிவாசலை நடத்தும் மரைக்காயர் தெரிவிலும் இந்தச் சிக்கல் வேறு வடிவத்தில் இருக்கிறது. தாய்வழிக் குடிக்கு ஓர் ஆள் என்று வைத்தால், குடிக்குள்ளே நல்லவரா என்று பார்ப்பார்களே தவிர, மற்றக் குடிக்காரரின் கண்ணில் அவர் எப்படி என்று கேட்கும் வழி குறைவு.

இப்போது புதிதாக ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. நேரே நின்று வேளாண்மை செய்கிறவர் குறைந்து குத்தகை கூடிவிட்டது. காணிக்காரர் கொழும்பில், கட்டாரில், சுவிஸில் இருப்பார். ஒரு போகத்துக்கு எடுத்தவர் வெட்டு மெசினை இறக்கி அறுத்து, நெல்லை வயலிலேயே விற்றுவிட்டு அடுத்த போகம் வேறு வட்டைக்குப் போய்விடுவார். விதானையாரின் பத்துப் போகத்து வக்கடையை அவர் பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய தேவையும் அவருக்கில்லை. அவரிடம் இரண்டு நாள் கைமாற்றுக் கேட்டால், திருப்பித் தரும்போது அவர் அங்கே இருக்கப்போவதில்லை. "நான் காசு கட்டின ஆள், என்ட தண்ணிய விடுங்க" என்பதுதான் பதிலாக இருக்கும். அவர் பக்கத்தில் நின்று பார்த்தால் அதுவும் நியாயம்.

வட்ஸ்அப் குழுக்களும் வந்துவிட்டன. கட்டு வெட்டப்பட்ட படம் விதானையாருக்குப் போகுமுன் நீர்ப்பாசன அலுவலருக்குப் போகிறது. கண்காணிப்புக்கு இது நல்லது, கள்ளத்தனமாக மச்சானுக்குத் திறப்பவர் இப்போது லேசில் தப்ப முடியாது. குடலை நெல்லுக்காகத் திறப்பவரும் தப்ப முடியாது என்பதுதான் கரைச்சல். படத்தில் திறந்த கதவு மட்டும்தான் தெரியும். அதனால் சில விதானைமார் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதை விட முறைக் கொப்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு என்று முடிவெடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அடுத்த விதானையைத் தெரிவு செய்யும்போது காணிக்காரர் கை உயர்த்துவதா, குத்தகைக்காரர் உயர்த்துவதா என்பதே இன்னும் பல வட்டைகளில் இழுபறியாக இருக்கிறது.